குழை தாழ்த்தது நானில்லை

தம்பி,

உன்னுடைய அலுவலகம் போடப் போகும் புத்தகத்துக்கு ‘அப்பாவின் அனுபவம்’ என்று இரண்டு பக்கம் கேட்டாய். வருகிற சனிக்கிழமை பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் வந்து ஊர்க் காணியின் குத்தகைத் தாளில் பெருவிரல் வைத்துத் தரவும் கேட்டாய். இரண்டுக்கும் சேர்த்து என்னுடைய மறுமொழி இது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். அழகு பார்க்காதே, வாயில் வருகிறபடி எழுது என்று சொல்லியிருக்கிறேன். உன் கொட்டாஞ்சேனையில் இருந்து எங்கள் வெள்ளவத்தைக்கு ஒரு பஸ் தூரம்தானே, நேரில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். நேரில் வந்தால் நீ கதிரை நுனியில் இருக்கிறாய். நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் உன் போன் நாலு தரம் அடிக்கிறது. கடிதத்தை அடக்க முடியாது. அதோடு, இது உனக்கு மட்டும் இல்லை. உன் புத்தகத்தில் இதை அப்படியே போடு. போட மனம் வராவிட்டால், ஏன் மனம் வரவில்லை என்று உன்னையே கேட்டுப் பார்.

போன மாதம் பைலோடும் கமராவோடும் வந்தாய். “அப்பா, யூரியாப் பசளை வராமல் நிண்ட வருசத்தில குத்தகைக்காரன் விட்டிட்டுப் போனதில இருந்து ஆறு பரப்புக் காணியும் சும்மா கிடக்குது. எங்கட ப்ரொஜெக்டுக்குத் தாங்கோ. செலவு குறைஞ்ச பாரம்பரிய விவசாயம். ஊர்ச் சனத்துக்கு வேலை. சாப்பாட்டுக்கு ஒருத்தரிட்டயும் கையேந்தத் தேவையில்லை” என்றாய். “ஆர் செய்யப் போயினம்?” என்று கேட்டேன். “பயனாளிகள் இருக்கினம், அப்பா.” “அது ஆர்?” “ஊர்ப் பொம்பிளையள். லிஸ்ட் இருக்கு.” பிறகு என்னை யன்னல் பக்கம் இருத்தி, சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, அந்தக் காலத்தில் யூரியா இல்லாமல் எப்படி வெங்காயம் செய்தேன் என்று சிரித்துக்கொண்டு சொல்லச் சொன்னாய். “குழை எவ்வளவு ஆழத்தில தாழ்க்கிறது, அப்பா?” என்று கேட்டாய். நான் கையை நீட்டி, “ஒரு முழம்” என்றேன். நீ “அருமை, அருமை” என்றாய்.

தம்பி, எனக்கு அது தெரியாது. ஒரு முழமோ ஒரு சாணோ, எனக்குத் தெரியவே தெரியாது. கமரா பார்த்துக்கொண்டு இருந்ததால் வாயில் வந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு நாளும் நான் குழை தாழ்த்தது இல்லை.

குழை என்றால் பச்சை இலையும் இளங்கொப்பும்தான். பூவரசு, வேம்பு, ஆமணக்கு, வேலியில் நின்ற எல்லாம். அதை வெட்டி, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து வந்து, உழவு சாலில் பரப்பி, மண்ணை மேலே இழுத்து மூடிவிட வேண்டும், அதுதான் தாழ்க்கிறது. அது உக்கி மண்ணுக்குச் சோறாகும். நம்முடைய செம்மண் தோட்டத்துக்கு அதைச் செய்தது பாக்கியமும் அவளுடைய தாயும். விடிய வந்து வெயில் ஏறுமட்டும் வெட்டுவார்கள். ஒரு பரப்புக்கு எத்தனை கட்டு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கட்டை எண்ணியது நான். கட்டுக்குள் கை விட்டு, நடுவில் தடிப்பான கொப்பு வைத்து ஏமாற்றுகிறார்களோ என்று பார்த்ததும் நான். பாக்கியத்தின் தாய்க்கு உச்சியில் மயிர் இல்லை. சுமந்து சுமந்து தேய்ந்துபோன இடம் அது, காசளவுக்கு வழுவழுவென்று இருக்கும். அதை நான் ஐம்பது வருசத்துக்கு முன்னம் கண்டது, இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எழுத்துத் தெரியாதவனுக்கு மறதி என்ற சலுகை இல்லை.

நீ விட்டுப்போன பைலின் முதல் பக்கத்தில் ‘குறைந்த செலவு’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறாய் என்று அக்கா வாசித்துச் சொன்னாள். யாருக்குக் குறைந்த செலவு? எனக்குத்தான் செலவு குறைவாக இருந்தது. பகல் முழுக்கச் சுமந்தவளுக்கு ஒரு கொத்து அரிசியும், வெங்காயம் கிண்டும்போது காலடியில் மிஞ்சிய சில்லறை வெங்காயமும் கொடுத்தேன். அதுதான் கூலி. தன்னிறைவு என்கிறாயே, அது என் வீட்டுக்குள் இருந்தது. என் வீட்டு அடுக்குப் பானை நிறைந்திருந்தது. அவர்களுடைய பானையைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் காலத்தை நல்ல காலம் என்று யாராவது உன் புத்தகத்தில் எழுதினால், அந்த ஆள் வரம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றவனாகத்தான் இருப்பான்.

இனி, நான் எப்படி யூரியாவுக்கு மாறினேன் என்ற கதையைக் கேள். நீ உன் சிநேகிதர்களுக்குச் சொல்கிற கதை எனக்குத் தெரியும். கொம்பனிக்காரர் வந்து ஏமாற்றினார்கள், அரசாங்கம் மலிவாகக் கொடுத்தது, பாவம் விவசாயிகள் நம்பிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அப்படி இருக்கலாம். என்னை ஒருவரும் ஏமாற்றவில்லை.

அப்போது நீ பிறக்கவில்லை. அக்கா கைக்குழந்தை. மார்கழி முடிந்து தை தொடங்கிய நேரம், மண் ஈரமாக இருந்தது. பதினொரு மணிக்கு உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்குப் பேணிக் குவளையில். அவர்களுக்கு, வேலியில் செருகி வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டைகளில். எங்கள் ஊரில் அவர்களுக்குச் சிரட்டைதான், அது உனக்குத் தெரியாமல் வளர்த்தோம். அன்றைக்குப் பாக்கியம் சிரட்டையை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினாள். “நாச்சியார், எறும்பு. ரெண்டு பேணி கூடக் கொண்டு வந்தா என்ன? கழுவித்தானே தருவம்” என்றாள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். சண்டைக்குக் கேட்கவில்லை. சும்மா, உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்வதுபோலத்தான் கேட்டாள். அவளுடைய தாய் பதறி, “வாயைப் பொத்தடி” என்று தோளில் அடித்தாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் போய்ப் பேணி எடுத்து வந்திருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும்.

“நாளையில இருந்து நீங்கள் வரத் தேவையில்லை” என்றேன்.

தாய் கும்பிட்டாள். பாக்கியம் கும்பிடவில்லை. “குழை இல்லாட்டி உங்கட வெங்காயம் என்னண்டு வரும், கமக்காரன்?” என்று கேட்டாள். “உங்களை நம்பியே என்ர வெங்காயம் வந்தது?” என்றேன். பாதி மூடின சால்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் காலமை சைக்கிளில் சந்தைப் பக்கம் போய் இரண்டு பை யூரியா கட்டிக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் நான் அதைப் பழித்துக்கொண்டு திரிந்தவன். ‘வெள்ளைச் சீனி’ என்று பகிடி பண்ணினவன். ஒரு பேணிக்காகத்தான் தம்பி வாங்கினேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, முதல் யூரியாப் பை என்னுடையது.

அந்த வருசம் வெங்காயம் வந்தது பார், அப்படி ஒரு விளைச்சலை நான் கண்டதில்லை. பழைய குழைச் சத்து மண்ணில் இருந்தது, மேலே யூரியாவும் விழுந்தது, பிறகு என்ன. ஊர் முழுக்க வந்து பார்த்தது. “குழைக்காரியளின்ர தலையிடி இல்லை” என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். அதுதான் எனக்குப் பெரிய லாபம்போல இருந்தது. அடுத்த போகத்தில் பத்துப் பேர் மாறினார்கள். இரண்டு வருசத்தில் குழை வெட்ட ஒருவரும் ஆள் கூப்பிடவில்லை. வெட்டாத வேலிப் பூவரசு வளர்ந்து நிழல் விழுத்தியது, அதைத் தறித்துவிட்டு முள்ளுக்கம்பி போட்டேன். சாணி எதற்கு என்று மாட்டையும் விற்றேன். பாக்கியத்தின் வீட்டில் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் கொழும்புக்குத் தைக்கப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ‘நல்லது, போகட்டும்’ என்று நினைத்தேன்.

நீ படித்தது அந்த யூரியா வெங்காயத்தில்தான். அதை நான் மறைக்கவில்லை. உன்னுடைய முதல் சப்பாத்து, டியூசன், கம்பஸ், எல்லாம் அந்த வெள்ளைச் சீனிதான். ஆனால் மண் ஏழெட்டு வருசத்தில் முகத்தைத் திருப்பிவிட்டது. ஒரு பை போட்ட இடத்தில் இரண்டு, இரண்டு போட்ட இடத்தில் மூன்று. மழை பெய்தால் மண் செங்கல்போல இறுகியது. பிறகு ஒரு உத்தியோகத்தர் வந்து கிணற்றுத் தண்ணியைப் போத்தலில் எடுத்துப் போனார். திரும்பி வந்து, “கைக்குழந்தையளுக்கு இந்தத் தண்ணி குடுக்காதேங்கோ, ஐயா. பசளை ஊறி இறங்கியிருக்கு” என்றார். நான் இறைத்த கிணறு, நான் போட்ட பசளை. அந்த உத்தியோகத்தரை வாயில் வந்தபடி பேசி அனுப்பினேன். அவர் சொன்னது பொய்யென்று நினைத்து இல்லை.

பிறகு சண்டை, இடம்பெயர்வு, உன் அம்மாவின் சாவு. கடைசியில் இந்த வெள்ளவத்தை நாலாம் மாடி வீடு. அதெல்லாம் உனக்குத் தெரியும். அரசாங்கம் மறித்து நாட்டுக்குப் பசளை வராமல் நின்ற வருசம் குத்தகைக்காரன் போன் எடுத்து, “ஐயா, பழையபடி குழை தாழ்க்கச் சொல்லுறாங்கள். வேலியில குழை எங்க? இருந்தாலும் வெட்டுறது ஆர்?” என்று கேட்டான். அவன் கேட்ட மறுமொழியை நான் எப்போதோ தோட்டத்தை விட்டுக் கலைத்துத் துரத்திவிட்டிருந்தேன்.

உன் கமராவுக்கு ஒரு முழம் என்று சொன்னது என்னைத் தின்றுகொண்டு இருந்தது. பாக்கியம் இரத்மலானையில் மகனோடு இருக்கிறாள், சீட்டுக் காசு போட அக்கா வேலை செய்கிற வங்கிக்கு வந்துபோகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். மகன் டயர் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் வீடு, நல்ல வீடு. பாக்கியம் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த மருமகளுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். “என்ன சொன்னவள்?” என்று கேட்டேன். “முந்தி எங்களை வேலையில இருந்து கலைச்ச மனுசன் வந்திருக்குது எண்டு சொன்னவ, அப்பா.”

“என்ன பெரியவர், வழி தவறியிட்டியளோ?” என்றாள் பாக்கியம். முந்தி கமக்காரன் என்று மரியாதையாகக் கூப்பிட்ட வாய்.

“உன்னட்ட ஒண்டு கேக்க வந்தனான், பாக்கியம்.”

“இருந்து கேளுங்கோ. கதிரையில இருக்கக் காசு கேக்கமாட்டன்.”

“குழை எவ்வளவு ஆழத்தில தாழ்க்கிறனீங்கள்?”

இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள். “இதைக் கேக்கவே இந்த வயசில பஸ் ஏறினனீங்கள்? ஒவ்வொரு நாளும் குடையோட வரம்பில நிண்டனீங்களே, பாக்கேல்லையோ?”

“பாத்தனான். வேலை செய்யிறியளோ எண்டுதான் பாத்தனான்.”

“ஓம். அது எனக்கும் தெரியும்.” பிறகு சொன்னாள்: “ஆழத்தில ஒண்டும் இல்லை. எப்ப தாழ்க்கிறது எண்டதுதான். மழை ஊறினாப் பிறகு தாழ்க்கோணும். காய்ஞ்ச மண்ணில தாழ்த்தாக் கறையான் திண்டிடும், பயிருக்கு மிஞ்சாது. பூவரசு உக்க நாளெடுக்கும், அது அடியில. ஆமணக்கு கெதியில உக்கும், அது மேல. அம்மா கையை மண்ணுக்குள்ள விட்டுச் சூடு பாப்பா. சூடு அடங்கினாத்தான் நட விடுவா. நீங்கள் நிண்டு கத்துவியள், கள்ள வேலை, நேரம் போக்கிறாளவை எண்டு. நினைவிருக்கோ?”

நினைவிருக்கிறது. அந்த மனுசி மண்ணுக்குள் கையை விட்டபடி குந்தியிருந்ததும், நான் கத்தியதும். அவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நான் உன்னுடைய ப்ரொஜெக்டைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். “என்ர தங்கச்சியின்ர மகள் சுகந்தியும் பேர் குடுத்திருக்கிறாள். மூண்டு மாசம் பயிற்சியாம். பயிற்சி எண்டபடியாச் சம்பளம் இல்லையாம், மத்தியானப் பார்சலும் பஸ் காசுமாம். குழை வெட்டுறதும் சுமக்கிறதும் அவளவை. சொல்லிக் குடுக்கிறது உங்கட மகன். என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறார்? அவளுக்குத் தாய் காட்டினதை அவளுக்கே காட்டப் போறாரோ?”

அந்த இடத்தில் அக்கா தலையைக் குனிந்தாள். நானும்தான். வீட்டுக்கு வந்து உன் பைலை முழுக்க வாசிக்கச் சொன்னேன். பாக்கியம் சொன்னது சரி. பெயர்ப்பலகைக்குக் காசு இருக்கிறது. திறப்பு விழாவுக்கு, பந்தலுக்கு, வீடியோவுக்கு, நீ போய்வரும் வாகனத்துக்கு இருக்கிறது. குழை சுமக்கிறவளுக்குப் பார்சல். நான் ஒரு கொத்து அரிசி கொடுத்தேன். நீ அதைச் சமைத்து, பெட்டியில் போட்டுக் கொடுக்கப் போகிறாய். நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் என்னைக் கெட்டவன் என்று நினைத்தது கிடையாது, தம்பி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு அவள் வீட்டில் இருந்தபோதே பாக்கியத்திடம் ஒன்று சொன்னேன். ஏதோ பெரிய மனது பண்ணுகிறவன்போலத்தான் சொன்னேன்: “மகன்ர தாளில விரல் வைக்காமல், காணியைச் சுகந்தியாக்களின்ர பேருக்கே குத்தகைக்கு எழுதி விடுறன். வாடகை வேண்டாம்.” அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

“மண்ணைச் சாக்கொண்டது நீங்கள்” என்றாள். “இப்ப செத்த மண்ணை எங்கட கையில தந்து, உயிர் குடு எண்டிறியள். அதுக்கும் நாங்கள்தானோ? அந்த மண் தேற மூண்டு வருசம் வேணும். மூண்டு வருசம் தாழ்க்கத் தாழ்க்க விழுங்கும், ஒண்டும் திருப்பித் தராது. அந்த மூண்டு வருசமும் சுகந்தியின்ர பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது? காணி இருக்கட்டும். கூலியைச் சொல்லுங்கோ முதல்ல.”

நாங்கள் எழும்பி வந்தோம். குடிக்கத் தண்ணி வேணுமோ என்றுகூட அவள் கேட்கவில்லை. அது சரிதான். வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது அக்கா, “அப்பா, அவ சொன்னதில பிழை ஒண்டும் இல்லை” என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்றும் தெரிந்தது. ஐம்பது வருசமாக அது சாகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

ஆகையால் கேள். நீ எழுதி வைத்திருக்கிற தாளில் நான் விரல் வைக்க மாட்டேன். அழுதாலும் வைக்க மாட்டேன், உன் அலுவலகத்துப் பெரியவர்கள் வந்து நின்றாலும் வைக்க மாட்டேன். வேறு தாள் எழுது. காணி பத்து வருசத்துக்கு அந்தப் பெண்களின் பெயரில் குத்தகை, வாடகை இல்லை. மண் தேறும்வரை மூன்று வருசமும் நாட்கூலி, ஊரில் வீடு கட்டுகிற மேசன்மாருக்கு உதவியாளாய்ப் போகிற பெண்ணுக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல். அதை உன் ப்ரொஜெக்டில் இருந்து கொடு. பந்தலை விடு, பலகையை விடு. பயிற்சி என்ற சொல்லை வெட்டு. யாருக்காவது படிக்க வேண்டும் என்றால் உன் அலுவலகத்து ஆட்கள் போய் அவர்களிடம் படிக்கட்டும், படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். இதெல்லாம் சேர்த்தால் உன் முதல் பக்கத்தில் இருக்கிற ‘குறைந்த செலவு’ நிற்காது. நிற்காவிட்டால் அழித்துவிடு. மண்ணுக்கும் மனிசருக்கும் செய்யிற காரியம் மலிவாக வராது. மலிவாக வருகிறது என்றால் யாரோ ஒருத்தியின் உச்சி தேய்கிறது.

நீ என்னில் கோபப்படுவாய். ‘இவ்வளவும் செய்துவிட்டு, கடைசிக் காலத்தில் என்னுடைய காசில் பாவம் கழுவப் பார்க்கிறார்’ என்று நினைப்பாய். அதிலும் பொய் இல்லை. என்னிடம் இருப்பது அந்த ஆறு பரப்பும் ஒரு விரலும்தான். கழுவுகிறதற்கு அது போதாது என்று பாக்கியத்தின் முகத்தில் கண்டேன். ஆனால் உன் புத்தகத்தில் என்னுடைய சிரித்த படத்தைப் போட்டு, ‘பாரம்பரியம் காத்த மூத்த விவசாயி’ என்று எழுத நான் விடமாட்டேன். எங்கள் ஒழுங்கையில் அதை முடித்து வைத்தவன் நான்.

சுகந்திக்கு அக்காவைக்கொண்டு போன் எடுப்பித்தேன். முதலில் அவள் நம்பவில்லை, பிறகு வரச் சம்மதித்தாள். வெள்ளி இரவு ரயில் ஏறி, சனி காலமை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவாள். அவளைக் கூட்ட நீதான் போகிறாய். ஆளைத் தெரியாது என்று சொல்லாதே. உன்னுடைய லிஸ்டில் பதினோராவது பெயர். அவள் முதலில் கூலியைத்தான் கேட்பாள். நேராக மறுமொழி சொல்ல உன்னால் முடிந்தால், அவளைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் வா, நானும் அக்காவும் அங்கே இருப்போம். முடியாவிட்டால், அங்கேயே அவளுக்குத் திரும்பிப் போக டிக்கட் எடுத்துக் கொடுத்து, வந்த நாளுக்கு ஒரு நாள் கூலியும் கொடுத்து அனுப்பிவிட்டு, நீ கொட்டாஞ்சேனைக்குப் போ. நான் பத்து மணி வரைக்கும் பார்ப்பேன். பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன், மை படாத விரலோடு.

அப்பா